‘யோ’வை ஏன் விடமாட்டேங்குறாங்க?

இந்த எபிசோட் நான் பண்ணின ஒரு தப்புல இருந்து ஆரம்பிக்குது. அதனால கொஞ்சம் கூச்சத்தோடதான் மைக் முன்னாடி உட்கார்ந்திருக்கேன்.

ஸ்பானிஷ்ல எழுதுறவங்களுக்குத் திருத்தம் சொல்ற ஒரு சின்ன டூலுக்கு ரூல் எழுதிட்டிருந்தேன். என் ஸ்பானிஷ் ஆப்ல கத்துக்கிட்ட ஸ்பானிஷ். அதுல ஆரம்பத்துலயே சொல்லிடுவாங்க: ‘யோ’ன்னா நான், ‘து’ன்னா நீ, ஆனா வாக்கியத்துல இதையெல்லாம் பெரும்பாலும் சொல்லத் தேவையில்லை. வினைச்சொல்லோட விகுதியே ஆளைக் காட்டிக் கொடுத்துடும். ‘கோமோ’ன்னா சாப்பிடுறேன், ‘கோமெஸ்’ன்னா சாப்பிடுற, ‘கோமெ’ன்னா சாப்பிடுறான், இல்லன்னா சாப்பிடுறா. நமக்கு இது புதுசே இல்லை. ‘வந்தேன்’னு சொன்னா, யாரு வந்தான்னு யாரும் கேட்கமாட்டாங்க. அந்தத் தைரியத்துல ஒரு ரூல் போட்டேன்: யோ, து எல்லாம் தேவையில்லாம வந்தா அடிக்கோடு போடு, நீக்கச் சொல்லு.

டெஸ்ட் பண்ண, டொமினிகன் குடியரசுல வளர்ந்த ஒரு டீம்மேட் எழுதின பத்தியை உள்ள கொடுத்தோம். பத்தி முழுக்க அடிக்கோடு. அவங்க கோபப்படலை. ஸ்கூல்லயும் இப்படித்தான் சிவப்பு மை வரும்னு சொல்லிட்டு, அடுத்த விஷயத்துக்குப் போயிட்டாங்க. அதுதான் எனக்கு உறுத்துச்சு. அவங்க தாய்மொழியை, ஆப்ல படிச்ச நான் திருத்திட்டிருக்கேன்.

அப்புறம்தான் தேட ஆரம்பிச்சேன். மக்கள் பேசுறதைப் பதிவு பண்ணி, ஒவ்வொரு வினைச்சொல்லா எடுத்து, இங்க ப்ரோநவுன் சொன்னாங்களா, விட்டாங்களான்னு எண்ணுற மொழியியலாளர்கள் இருக்காங்க. அந்தப் பொறுமைக்கு ஒரு கும்பிடு. 1990-களோட தொடக்கத்துல ரிச்சர்ட் கேமரன் ரெண்டு ஊர்களை ஒப்பிட்டார்: ஸ்பெயின்ல மாட்ரிட், போர்ட்டோ ரிக்கோவுல சான் ஹுவான். ப்ரோநவுன் வரலாம், வராமலும் போகலாம்ங்கிற இடங்கள்ல, மாட்ரிட்காரங்க சுமார் 21 சதவீதம் சொன்னாங்க. சான் ஹுவான்ல சுமார் 45 சதவீதம். நியூயார்க்ல ரிக்கார்டோ ஓதெகி, அனா செலியா ஜென்டெல்லா குழு 2007-ல வெளியிட்ட ஆய்வும் இதே திசைதான். புதுசா வந்து குடியேறினவங்கள்ல டொமினிகன்காரங்க 41 சதவீதம், மெக்சிகோக்காரங்க 19.

இவ்வளவு வித்தியாசம் ஏன்? கேட்டவுடனே பிடிச்சுப்போற ஒரு விளக்கம் இருக்கு. கரீபியக் கடல் பக்கத்து ஸ்பானிஷ்ல சொல்லோட கடைசி ‘ஸ்’ பேச்சுல கரைஞ்சு போயிடும். அப்போ ‘கோமெஸ்’ஸும் ‘கோமெ’யும் காதுக்கு ஒண்ணுதான். ‘சாப்பிட்டுக்கிட்டிருந்த’ மாதிரியான இறந்தகாலம் இன்னும் மோசம். நானுக்கும் அவனுக்கும் ஏற்கனவே ‘கோமீயா’ங்கிற ஒரே வடிவம். நீக்கு வர்ற ‘கோமீயாஸ்’ கடைசி ஒலியை விட்டுட்டா அதுவும் அங்கதான் வந்து நிக்கும். மூணு பேர், ஒரே சொல். அதனால ப்ரோநவுன் உள்ள வந்து ஈடுகட்டுதுன்னு போர்ட்டோ ரிக்கோ ஸ்பானிஷை வெச்சு ஜூடித் ஹோக்பெர்க் 1986-ல வாதிட்டாங்க. வாலைக் கொடுத்துக் கத்தி வாங்கின குரங்கு கதை மாதிரி, விகுதி போச்சு, ப்ரோநவுன் வந்துச்சு. ஒரு எஞ்சினியரா எனக்கு இது ரொம்பவே பிடிச்சிருந்தது. டேட்டா ஒரு இடத்துல தொலைஞ்சா இன்னொரு இடத்துல பேக்கப்.

ஆனா முழுசா ஒத்துவரலை. தெற்கு ஸ்பெயின்ல இருக்கிற அந்தலூசியாவுலயும் இதே ‘ஸ்’ கரையுது. அங்க ப்ரோநவுன் கரீபிய அளவுக்கு ஏறலை. அதைவிட எளிமையான இடிப்பு ஒண்ணு இருக்கு: ‘கோமோ’ல தொலையுறதுக்கு ‘ஸ்’ஸே கிடையாது. கேட்டவுடனே நான்னு தெரிஞ்சிடும். அப்படியும் கரீபியக்காரங்க ‘யோ’வை தாராளமா சொல்றாங்க.

கேமரன் கண்டுபிடிச்சதுல எனக்கு முக்கியமாப் பட்டது அந்த சதவீதம் இல்லை. எப்போ சொல்றாங்க, எப்போ விடுறாங்கங்கிற விதி ரெண்டு ஊர்லயும் பெரும்பாலும் ஒண்ணுதான். ‘வீட்டுக்குப் போனேன், கதவைத் திறந்தேன்’னு ஆள் மாறாம ஓடினா ப்ரோநவுன் குறையும். ‘அவன் கத்தினான், நான் கிளம்பிட்டேன்’னு ஆள் மாறினா கூடும். மாட்ரிட்லயும் இப்படித்தான், சான் ஹுவான்லயும் இப்படித்தான். அதாவது லாஜிக் அதே லாஜிக், ஆரம்ப மதிப்பு மட்டும் வேற. கவனமில்லாம பேசுறவங்க கிட்ட இப்படி ஒரு ஒழுங்கு வராது.

ஒரு இடத்துல மட்டும் ஊர்கள் நேரெதிரா நிக்குது. ‘நீ ஒரு கடைக்குப் போறன்னு வெச்சுக்க’ன்னு நாம பொதுவா யாரையோ சொல்றோமே, அந்த ‘நீ’. சான் ஹுவான்ல அப்போ ‘து’ கூடும், மாட்ரிட்ல குறையும்.

எண்ணிக்கையைத் தாண்டியும் விஷயம் போகுது. என்ன வேணும்னு கேட்க என் ஆப் ‘கே கியெரெஸ்’னு சொல்லிக்கொடுத்துச்சு. கரீபியாவுல ‘கே து கியெரெஸ்’னும் கேட்பாங்க, ப்ரோநவுன் வினைக்கு முன்னாடியே வந்துடும். டொமினிகன்ல மழை பெய்யுதுங்கிறதுக்குக்கூட முன்னாடி ‘எயோ’ன்னு ஒண்ணு சேர்ப்பாங்க. அங்க எழுவாயே கிடையாது, இருந்தாலும் இடத்தைக் காலியா விட மனசு வரலை போல!

நியூயார்க்ல பிறந்து வளர்ற பிள்ளைங்க பாடுதான் திண்டாட்டம். அவங்க பேச்சுல ப்ரோநவுன் கொஞ்சம் கூடுதலா இருக்குன்னு அதே ஆய்வு காட்டுது. அதுல இங்கிலீஷுக்கும் பங்கு இருக்கு. ஆனா அதோட, கரீபியக் குடும்பமும் மெக்சிகோ குடும்பமும் ஒரே ஊர்ல பழகி, ஒருத்தர் வழக்கை நோக்கி இன்னொருத்தர் நகர்றதும் நடக்குது. வெளியில இருந்து பார்த்து ‘உடைஞ்ச ஸ்பானிஷ்’னு சொல்றவங்களுக்கு இதெல்லாம் தெரியாது. எனக்கும் தெரியாமத்தானே இருந்துச்சு.

அந்த ரூலை எடுத்துட்டேன். டீம்மேட்டோட பத்தியை மறுபடி ஓட்டினோம். ஒரே ஒரு அடிக்கோடு வந்துச்சு, நிஜமாவே ஒரு ஸ்பெல்லிங் தப்புக்கு. அதுக்கு மட்டும் அவங்க கொஞ்சம் முறைச்சாங்க.