நோய் விட்டுச் சென்ற சுவடு



2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் ‘தானே’ புயல் கடலூர்க் கரையைத் தாக்கியது. முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. புயல் ஓய்ந்துவிட்டது, ஆயினும் அதனைக் கண்டவர் எவரும் முன்போல் வானத்தைப் பார்ப்பதில்லை.

இதனை நான் கூறக் காரணம் உண்டு. சிதம்பரத்தில் மாணவரிடையே பேசியபோது ஒரு மாணவி, “ஐயா, நோய் நீங்கியபின் நம் உடல் பழைய உடல்தானா?” என்று வினவினாள். அதற்கு விடை கூறவே இன்று முற்படுகிறேன்.

சைட்டோமெகலோ வைரஸ் என்றொரு கிருமி உண்டு. தான் புகுந்த உயிரணுவைப் பருக்கச் செய்வதால் அப்பெயர் பெற்றது. நம் நாட்டினரில் மிகப் பெரும்பாலோரை அது இளமையிலேயே எச்சில், தாய்ப்பால் முதலியவற்றின் வழியே பற்றிவிடுகிறது. நோய்க்குறி பெரும்பாலும் தோன்றுவதில்லை. எனினும், புகுந்த கிருமி ஆயுள் முழுவதும் உடலினுள் உறங்கிக் கிடக்கிறது.

இதற்கு எதிராக நிற்பவை இயற்கைக் கொல்லி அணுக்கள். முன்பயிற்சியின்றியே கெட்ட அணுக்களை அழிக்கும் இவ்வெள்ளணுக்களை 1975ஆம் ஆண்டில் ஸ்டாக்ஹோம் அறிஞர்கள் விவரித்தனர். இவற்றுக்கு நினைவாற்றல் இல்லை என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 2004இல் பார்சிலோனா நகரில் லோபெஸ் போடெட் குழுவினர், இவ்வைரஸ் பற்றியவர் பலரிடம் என்.கே.ஜி.2சி என்னும் ஏற்பியைத் தாங்கிய கொல்லி அணுக்கள் மிகுந்திருக்கக் கண்டனர்.

காரணம் யாது? நலமான அணு தன்மேல் எச்.எல்.ஏ.–ஈ என்னும் அடையாளத்தைக் காட்டும். அதனைக் கண்ட காவலர் தாக்காமல் விடுவர். வைரஸ் ஒரு புரதத் துணுக்கைக் கொடுத்து அதே அடையாளத்தை நிலைநிறுத்தி ஏமாற்றுகிறது. ஆனால் என்.கே.ஜி.2சி உடைய காவலருக்கோ அவ்வடையாளமே ‘தாக்கு’ என்னும் ஆணை! அவ்வணுக்கள் பெருகுகின்றன, அவற்றின் மரபணுக்களுள் சில அடங்குகின்றன, சில விழிக்கின்றன, அம்மாற்றம் நெடுநாள் நிலைக்கிறது. பற்றியவர் எல்லாரிடமும் இது ஒரே அளவில் நிகழ்வதில்லை.

ஒரே கருவில் தோன்றிய இரட்டையரில் ஒருவரை மட்டும் இவ்வைரஸ் பற்றியிருப்பின், இருவரின் காப்புத்திறனும் பெரிதும் வேறுபடுவதை 2015இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர் காட்டினர்.

காவல் தளர்ந்தாலோ, கேடு பெரிது. மாற்று உறுப்பு பெற்றோரை இவ்வைரஸ் வீழ்த்தக்கூடும்; கருவிலுள்ள குழந்தையின் செவியைப் பறிக்கக்கூடும். ஆதலால் சிறு குழந்தைகளின் எச்சிலையும் சிறுநீரையும் துடைத்தபின் கருவுற்ற தாய்மார் சோப்பிட்டுக் கைகழுவுதல் நன்று. இதனை உங்கள் இல்லத்தில் சொல்லுங்கள்.

அம்மாணவிக்கு நான் தந்த விடை இதுவே: “பழைய உடல் அன்று, தங்கையே; புயலைக் கண்டறிந்த உடல்.”