இலவசம் வேறு, கட்டற்றது வேறு!



அம்பத்தூர் ஓ.டி. பக்கம் எங்க அண்ணன் டி.டி.பி. கடை வைத்திருக்கிறார். போன மாசம் ஒரு கல்யாணப் பத்திரிகைக்கு, நெட்டில் 'ஃப்ரீ' என்று கிடைத்த எழுத்துருவைப் போட்டிருந்தார். நான் சும்மா இருக்காமல், அதோடு வந்த குட்டி டெக்ஸ்ட் ஃபைலைத் திறந்து படித்தேன். 'சொந்த உபயோகத்துக்கு மட்டும்' என்று இருந்தது. காசு வாங்கிச் செய்கிற வேலைக்கு ஆகாதே! ராத்திரி பதினொரு மணி வரை உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றினோம். அண்ணன் முதலில் திட்டினார், அப்புறம் டீ வாங்கிக் கொடுத்தார்.

இங்கிலீஷில் காசு இல்லாததும் 'ஃப்ரீ', சுதந்திரமும் 'ஃப்ரீ'. தமிழில் அந்தக் குழப்பம் கிடையாது. 2011-ல் அரசு கொடுக்க ஆரம்பித்தது 'விலையில்லா' மடிக்கணினி. விலை இல்லை, அவ்வளவுதான். 'கட்டற்ற மென்பொருள்' என்பது வேறு. எந்த வேலைக்கும் ஓட்டலாம், மூல நிரலைப் படித்து மாற்றலாம், நகல் கொடுக்கலாம், மாற்றியதையும் கொடுக்கலாம். இந்த நாலும் இருக்கணும். ரிச்சர்டு ஸ்டால்மன் 1985-ல் ஆரம்பித்த ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் சொல்லும் கணக்கு இது. விலைக்கு விற்றாலும் தப்பில்லை!

எப்படிக் கண்டுபிடிப்பது? 'லைசென்ஸ்' அல்லது 'காப்பியிங்' என்ற ஃபைலைத் தேடுங்க. ஜி.பி.எல்., எம்.ஐ.டி., அப்பாச்சி என்று இருந்தால் நிம்மதி. சொந்தமாக எழுதிய லைசென்ஸ் என்றால் வரிவரியாகப் படிக்கணும். ஜேசான் லைசென்ஸில் 'நல்லதுக்குத்தான் பயன்படுத்தணும், கெட்டதுக்குக் கூடாது' என்று ஒரு வரி உண்டு. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா எது நல்லது என்று யார் சொல்வது? 'எந்த வேலைக்கும்' என்பது அடிபடுவதால் அதைக் கட்டற்றது என்று ஏற்கவில்லை.

லைசென்ஸைப் படித்தால் மட்டும் போதாது, உள்ளே என்ன இருக்கு என்றும் பார்க்கணும். தமிழில் டைப் அடிக்க ரொம்பப் பேர் பயன்படுத்திய எ-கலப்பையை எடுத்துக்குங்க. காசு இல்லாமல் கிடைத்தது. ஆனால் பழைய பதிப்புகளுக்குள் ஓடியது கீமேன் என்ற இன்ஜின். அதன் மூல நிரல் அப்போது மூடியிருந்தது. கலப்பை நம்முடையது, கொழு அடுத்தவர் வீட்டுடையது! அதனால் 2010-ல் வந்த 3.0 பதிப்பைக் கீமேன் இல்லாமல் புதிதாக எழுதி, ஜி.பி.எல்.-இல் விட்டார்கள். பிறகு கீமேனும் திறந்த மூலமாகிவிட்டது, அது வேறு கதை.

இப்போது நம்ம கம்ப்யூட்டர் லேபில் உள்ளவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து வருகிறேன். பதினாலு முடிந்தது. மூன்றில் லைசென்ஸ் ஃபைலே காணோம். ஒன்றும் எழுதவில்லை என்றால் 'எடுத்துக்கோ' என்று அர்த்தமில்லை. காப்புரிமைச் சட்டப்படி, அனுமதி தரவில்லை என்றுதான் அர்த்தம். அந்த மூன்றின் பெயரையும் சாரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

- 11-ம் வகுப்பு மாணவன், கணினி அறிவியல் பிரிவு