வழிப்போக்கர் விடுதிகளும் அவற்றின் வடிவமும்

சென்னையிலிருந்து பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலையில், காஞ்சிபுரத்திற்கு முன்னே சுங்குவார்சத்திரம் என்னும் ஊர் உள்ளது. காஞ்சியைக் கடந்ததும், முசரவாக்கம் முதலிய சிற்றூர்கள் அமைந்த வட்டாரத்தில் பாலுசெட்டிசத்திரம் வருகிறது. திண்டுக்கல் மாவட்டத்திலோ ஒட்டன்சத்திரம் இருக்கிறது. வழிப்போக்கர் இளைப்பாறிய இடங்கள் ஊர்ப்பெயர்களாகவே நிலைத்துவிட்டமையை இவை காட்டுகின்றன.

அறம் வளர்த்த சத்திரங்கள்

கால்நடையாகவும் மாட்டுவண்டியிலும் மக்கள் பயணம் செய்த காலத்தில், உண்ண உணவும் உறங்க இடமும் விலையின்றி அளித்தவை சத்திரங்கள். காசியிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் இராமேசுவரம் செல்லும் அடியார்களுக்காகத் தஞ்சை மராட்டிய மன்னர்கள் பல சத்திரங்களை நிறுவினர். அவற்றைத் தம் பொறுப்பிலேயே விட்டுவைக்குமாறு வேண்டி, 1801ஆம் ஆண்டு இரண்டாம் சரபோசி மன்னர் ஆங்கிலேய அதிகாரிக்கு மடல் எழுதினார். உணவளித்தலோடு நோயுற்றோருக்கு மருத்துவம் செய்தலும், வழியில் இறந்தோர்க்கு ஈமக்கடன் ஆற்றுதலும் சத்திரங்களின் பணிகள் என்பதை அம்மடல் உணர்த்துகிறது.

தேர் வடிவில் ஒரு சத்திரம்

சரபோசி மன்னர் தம் அன்புக்குரிய முத்தாம்பாள் நினைவாக ஒரத்தநாட்டில் எழுப்பிய சத்திரம் தனிச்சிறப்புடையது. அதன் அடித்தளத்தில் யானைகளும் குதிரைகளும் செதுக்கப்பட்டுள்ளன. அவை இழுத்துச் செல்லும் தேரைப்போலக் கட்டடம் தோற்றமளிக்கிறது. இது தமிழ்நாட்டிற்குப் புதிய கற்பனை அன்று. 12ஆம் நூற்றாண்டிலேயே தாராசுரம் ஐராவதேசுவரர் கோயில் மண்டபத்தைச் சோழர் குதிரை பூட்டிய தேராக அமைத்தனர். கோயிலுக்குரிய அவ்வடிவம், நடந்து களைத்தவர் தங்கும் மனைக்கும் உரியதாயிற்று. நடப்பவரின் பார்வை மெல்ல நகர்வது. அருகில் நின்று காண்பவர்க்கே நுண்ணிய சிற்பம் பயன்படும்.

விரைவு மாற்றிய வடிவம்

மோட்டார் வாகனம் பெருகியபின் அமெரிக்காவில் வேறொரு வகை விடுதி தோன்றியது. 1925இல் கலிபோர்னியாவில் திறக்கப்பட்ட விடுதி ஒன்றிற்கு, 'மோட்டார்', 'ஓட்டல்' என்னும் இரு சொற்களை இணைத்து 'மோட்டல்' எனப் பெயரிட்டனர். விரைந்து செல்லும் ஓட்டுநர் நிற்பதா கடப்பதா எனச் சில நொடிகளில் முடிவெடுப்பார். ஆதலின், தொலைவிலேயே கண்ணை ஈர்க்கும் வடிவம் வணிகத்திற்குத் தேவையாயிற்று. பிராங்க் ரெட்போர்டு என்பவர் கூம்புக் கூடாரம் போன்ற அறைகளை வடிவமைத்து, 1936இல் அவ்வடிவத்திற்குக் காப்புரிமை பெற்றார். 'விக்வாம்' எனப் பெயர்பெற்ற இவ்விடுதித் தொகுதிகள் ஏழு இடங்களில் எழுந்தன. அக்கூம்பு, சமவெளிப் பழங்குடியினரின் 'டீப்பி' என்னும் கூடாரத்தின் வடிவம்; விக்வாம் என்பதோ வேறு பழங்குடியினரின் குவிந்த கூரைக் குடில். தம் நிலத்தை இழந்த மக்களின் வீடு, பெயரும் பிழைபட, விளம்பரப் பொருளாயிற்று.

சாலை விலகியபின்

சத்திரம் அறத்தை நம்பியது. மோட்டல் வணிகத்தை நம்பியது. எனினும் இரண்டும் வாழ்ந்தது வழிப்போக்கரால்தான். 1861இல் நாகப்பட்டினம், தஞ்சாவூர் இடையே இருப்புப்பாதை திறக்கப்பட்டது. 1914இல் பாம்பன் பாலம் இராமேசுவரத்திற்கும் தொடர்வண்டியைக் கொண்டு சேர்த்தது. நடைவழிச் சத்திரங்களின் தேவை குறைந்தது. அமெரிக்காவிலும் புதிய விரைவுச்சாலைகள் பழைய சாலைகளை விட்டு விலகிச் சென்றபோது பல விடுதிகள் மூடப்பட்டன. ஏழு விக்வாம் விடுதிகளுள் இன்று எஞ்சியவை மூன்றே.

எஞ்சியவற்றைக் காத்தது வடிவத்தின் அழகு மட்டும் அன்று. அரிசோனா மாநிலத்தின் ஓல்புரூக் விடுதி மூடப்பட்டுக் கிடந்தது. அதை நிறுவியவரின் குடும்பத்தினர் 1988இல் மீண்டும் திறந்தபின் பயணியர் திரும்பி வந்தனர். ஒரத்தநாட்டுச் சத்திரமும் வழிப்போக்கர் குறைந்த பின்னர் மாணவர் விடுதியாகப் பயன்பட்டது. பூட்டிக் கிடக்கும் கட்டடத்தில் ஆலஞ்செடி வேர்விடும். விளக்கேற்றி ஆள் புழங்கும் கட்டடத்தில் ஒழுகும் கூரையும் உடனே செப்பமுறும். பழைய சத்திரங்களை நூலகமாகவோ பள்ளியாகவோ பயணியர் இல்லமாகவோ மீண்டும் புழக்கத்திற்குக் கொண்டுவருதலே அவற்றைக் காக்கும் வழியாகும். இல்லையேல், ஊர்ப்பெயரில் மட்டுமே சத்திரம் எஞ்சி நிற்கும்.