புலியைக் கட்டிப் போடலாம், வாங்க!

விடுமுறை நாள் சாயங்காலம். வெளியே 'சோ'வென்று மழை. கிரிக்கெட் மட்டை மூலையில் தூங்குகிறது. நண்பர்கள் மூன்று பேர் உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். என்ன செய்யலாம்? டி.வி.யும் வேண்டாம், செல்போனும் வேண்டாம். ஒரு சாக்பீஸ், 3 புளியங்கொட்டை, 15 கூழாங்கல்... இவ்வளவுதான் தேவை. ஆடு புலி ஆட்டம் ஆடலாம்!

தாயத்திலும் பரமபதத்திலும் என்ன விழுகிறதோ அதுதான் நம் தலையெழுத்து. ஆடு புலி ஆட்டத்தில் உருட்டுவதற்கு எதுவும் கிடையாது. ஜெயித்தாலும் தோற்றாலும் காரணம் உங்கள் மூளைதான்!

இது ரொம்பப் பழைய விளையாட்டு. பழைய கோவில் மண்டபங்களுக்குப் போனால் கல் தரையை உற்றுப் பாருங்கள். இந்த ஆட்டத்தின் கோடுகளைச் செதுக்கி வைத்திருப்பதைப் பல இடங்களில் காணலாம். ஆந்திராவில் இதற்குப் 'புலி ஜூதம்' என்று பெயர். நேபாளத்திலும் இதற்கு ஒரு சொந்தக்காரர் உண்டு. அதன் பெயர் 'பாக் சால்'. அதில் 4 புலிகள், 20 ஆடுகள்.

கட்டம் போடுவது எப்படி?

தரையில் பெரிய முக்கோணம் ஒன்று போடுங்கள். அதன் உச்சியிலிருந்து அடிக்கோடு வரை, உள்ளே இரண்டு கோடுகள் இழுங்கள். இப்போது உச்சியிலிருந்து 4 கோடுகள் இறங்கும். அந்த நான்கையும் குறுக்கே வெட்டும்படி, முக்கோணத்துக்கு இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு செவ்வகம் போடுங்கள். அதன் நடுவில் குறுக்காக இன்னொரு கோடு. அவ்வளவுதான்!

கோடுகள் சேரும் இடங்களை எண்ணுங்கள். உச்சியில் 1, மூன்று குறுக்குக் கோடுகளிலும் ஆறாறு, அடியில் 4. மொத்தம் 23 வந்ததா? சபாஷ்!

ஆடுவது எப்படி?

உச்சியில் ஒரு புலி. அதற்குக் கீழே முதல் குறுக்குக் கோட்டில், நடுவில் உள்ள இரண்டு இடங்களில் இரண்டு புலிகள். ஆடுகள் முதலில் வெளியேதான் இருக்கும். ஆட்டுக்காரர் ஓர் ஆட்டை வைப்பார். புலிக்காரர் ஒரு புலியை நகர்த்துவார். இப்படியே மாறி மாறி 15 ஆடுகளும் வைத்து முடித்த பிறகுதான் ஆடுகள் நகரலாம். நகரும்போது கோட்டின் வழியே பக்கத்துக் காலி இடத்துக்குத்தான் போக வேண்டும்.

பக்கத்தில் ஓர் ஆடு நின்று, அதே நேர்கோட்டில் அதற்கு அடுத்த இடம் காலியாக இருந்தால், புலி தாண்டிக் குதித்து ஆட்டை வெட்டிவிடும்! ஆடுகளால் வெட்ட முடியாது. ஆனால், மூன்று புலிகளையும் அசைய முடியாமல் அடைத்துவிட்டால் ஜெயிப்பது ஆடுகள்தான்.

விதிகள் ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். அதனால் காய் வைப்பதற்கு முன்பே மூன்று விஷயங்களைப் பேசி முடித்துவிடுங்கள். எத்தனை ஆடு வெட்டுப்பட்டால் புலிக்கு வெற்றி? ஒரே முறையில் இரண்டு ஆட்டை வெட்டலாமா? வெட்ட வாய்ப்பு வந்தால் வெட்டியே ஆக வேண்டுமா? இதைப் பேசாமல் விட்டால் ஆட்டம் சூடாகும்போது, "எங்க ஊர்ல இப்படித்தான்!" என்று சண்டை வரும். சாயங்காலமே வீணாகிவிடும்.

ஆடுகளின் ரகசியம்

ஆட்டுக்குக் கொம்பு கூட இங்கே உதவாது. அதன் பலம் பின்னால் நிற்கும் இன்னொரு ஆடுதான்! பின்னால் ஓர் ஆடு நின்றுவிட்டால் அந்தப் பக்கமாகப் புலியால் தாண்ட முடியாது. தனியாகத் திரியும் ஆடு, பாவம், புலிக்கு டிபன்!

பத்திரமான இடங்களும் உண்டு. செவ்வகத்தின் 4 மூலைகள், முக்கோணத்தின் அடியில் உள்ள 2 முனைகள். ஆக, 6 இடங்கள். அங்கே நிற்கும் ஆட்டைத் தாண்டிப் போக வழியே இல்லை. ஆரம்பத்தில் அங்கே காய் வைப்பது நல்லது. ஆனால், இருப்பதோ 15 ஆடுகள். மற்ற 9 ஆடுகளுக்கும் துணை வேண்டாமா? அங்கேதான் யோசிக்க வேண்டும்.

அதே மூலை புலிக்கு ஆபத்து! நட்டநடுவில் நிற்கும் புலியை மடக்க வேண்டுமானால், நாலு திசையிலும் ஆடும் அதன் பின்னால் துணை ஆடுமாக 8 ஆடுகள் தேவை. மூலையில் நிற்கும் புலிக்கு 4 ஆடுகளே போதும். வெட்டுவது கட்டாயம் இல்லை என்று பேசியிருந்தாலும் பேராசைக்காரப் புலிக்காரர் சும்மா இருப்பாரா? ஓர் ஆட்டை இரையாகக் காட்டி, புலியை மூலைக்கு இழுத்துப் பாருங்கள்!

புலிக்காரர்களே, உங்களுக்கும் ஒரு சேதி. கிடைத்த ஆட்டை உடனே வெட்டுவதற்கு முன், "வெட்டிய பிறகு நான் எங்கே நிற்பேன்? திரும்பி வர வழி இருக்கிறதா?" என்று ஒரு நொடி யோசியுங்கள்.

நாலு பேர் இருந்தால்?

இரண்டு பேர் ஆடு, இரண்டு பேர் புலி. ஜோடியாகப் பேசி முடிவெடுங்கள். ஆட்டம் முடிந்ததும் பக்கம் மாறுங்கள். அப்போதுதான் நியாயம். நேற்று வரை ஆட்டை விரட்டியவருக்கு, ஆடாக இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போது புரியும்!

தோற்றுவிட்டால் காயைக் கலைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள். எந்த இடத்தில் ஆட்டம் கைவிட்டுப் போனது என்று நாலு பேரும் சேர்ந்து கண்டுபிடியுங்கள். அந்தத் தப்பு அடுத்த ஆட்டத்தில் வராது. ஜெயித்தவருக்கும் அதில் பாடம் உண்டு.

ஆரம்பிக்கும் முன் ஒரு குட்டிப் புதிர்: உச்சியில் தனியாக நிற்கும் புலியை அசையவிடாமல் அடைக்க எத்தனை ஆடுகள் வேண்டும்? காய் வைத்துப் பார்த்துக் கண்டுபிடியுங்கள்!

(விடை: 8. உச்சியிலிருந்து இறங்கும் 4 கோடுகளிலும் இரண்டிரண்டு ஆடுகள்.)