அந்திக் கேமராவில் தேவாங்கு



திண்டுக்கல், கரூர் பக்கம் அந்தி வெளிச்சத்தைப் படம் பிடிக்கப் போகிறவர்களா நீங்கள்? பொழுது சாய்ந்தபின் வேலிக் கிளைகளில் டார்ச் ஒளி பட்டதும், செம்மஞ்சளாக இரண்டு புள்ளிகள் மின்னினால் அது தேவாங்காக இருக்கலாம்.

உடல் நீளம் சுமார் 25 சென்டிமீட்டர், எடை ஏறக்குறைய 300 கிராம், வால் கிடையாது. பகலில் அடர்ந்த கிளைகளுக்குள் சுருண்டு தூங்கி, இருட்டத் தொடங்கியதும் இரை தேடக் கிளம்பும். பூச்சிகளே அதன் முக்கிய உணவு என்பதால் விவசாயிக்கு அது நண்பன்தான்.

தேவாங்கின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருக்கிறது. கண்ணுக்குள் போன வெளிச்சம் மறுபடியும் விழித்திரை வழியே வருவதால், மங்கிய ஒளியிலும் அதன் பார்வை துலக்கமாக இருக்கும். கண் மின்னுவதும் இதனால்தான்.

மின்னும் அந்தக் கண்ணைப் பார்த்து அஞ்சி, அபசகுனம் என்று ஒதுக்கியவர்கள் உண்டு. மருந்துக்கும் மாந்திரீகத்துக்கும் பிடித்தவர்களும் உண்டு. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தேவாங்கை முதல் அட்டவணையில் வைத்திருக்கிறது. பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். 2022-இல் தமிழக அரசு, இதே திண்டுக்கல், கரூர் பக்கத்தில் உள்ள கடவூர்ப் பகுதியில் 11,806 ஹெக்டேர் பரப்பை நாட்டின் முதல் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தது.

தேவாங்கைக் கண்டால் கேமராவின் ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். கிளையை உலுக்காதீர்கள். படத்தைப் பகிர்ந்தாலும், எடுத்த இடத்தைச் சொல்லாதீர்கள்.