ஒரு துப்பறிவாளரின் முதல் நாவல்

சென்ற தவணையில் மாணவனொருவன் நூலொன்றைத் திருப்பித் தந்து, "சேர், இரண்டு புத்தகங்களைப் பிழையாக ஒன்றாய்க் கட்டிவிட்டார்களோ?" என வினவினான். அந்நூல் ஆதர் கொனன் டொயில் எழுதிய 'எ ஸ்ரடி இன் ஸ்கார்லெற்'. ஷேர்லொக் ஹோம்ஸ் முதன்முதல் தோன்றிய நாவல். அவ்வினா நகைப்புக்குரியதன்று. பிற்காலச் சிறுகதைகளைச் சுவைத்தபின் இதனை நாடுவோர் பலர்க்கும் அவ்வையமே எழும்.

சவுத்சீயில் வைத்தியராயிருந்த டொயில் இதனை 1886 இல் எழுதினார். பதிப்பாளர் சிலர் மறுத்தபின், வார்ட் லொக் நிறுவனத்தார் முழு உரிமையையும் 25 பவுணுக்கு வாங்கி, 1887 இல் 'பீற்றன்ஸ் கிறிஸ்மஸ் அனுவல்' என்னும் வெளியீட்டிற் பதிப்பித்தனர். நான்கு நாவல்களும் 56 சிறுகதைகளுமாக 1927 வரை இத்தொடர் நீளுமென்பதை ஆசிரியர் அன்று அறிந்திலர். அதனை மறவாது படித்தல் வேண்டும். இங்கே ஹோம்ஸ் இன்னும் வார்க்கப்பட்டுக்கொண்டிருக்கும் பாத்திரமே. பூமி சூரியனைச் சுற்றுவதையும் அறியாதவராக, இலக்கிய அறிவு அற்றவராக வொட்சன் அவரைக் குறித்துவைக்கின்றார். பின்வந்த கதைகளிலோ அவர் கவிவாணரை எடுத்தாள்கின்றார். வொட்சனுக்கு ஆப்கானியப் போரிற் பட்ட காயமும் இங்கே தோளில் உள்ளது. 1890 இல் வந்த அடுத்த நாவலிற் காலுக்கு இறங்கிவிடுகின்றது!

எனினும் துப்பறியும் முறை முதல் நாவலிலேயே துலங்குகின்றது. பிறிக்ஸ்ரன் வீதியின் வெறுமனையொன்றிற் பிணங் கிடக்கின்றது. வெளியே ஈரமண்ணிற் பதிந்த சக்கரத் தடங்களால் வாடகைக் குதிரைவண்டி வந்தமையையும், காலடிகளின் இடைவெளியாற் கொலைஞனின் உயரத்தையும் ஹோம்ஸ் உணர்கின்றார். மனிதன் சுவரில் எழுதுங்கால் தன் கண்மட்டத்திற்குச் சற்று மேலே எழுதுவான் என்பது அவர் காட்டும் மற்றோர் ஏது. சிந்திய சாம்பலைக் கண்டு, அவன் புகைத்தது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்கின்றார். நம்மவர் இவ்விடத்திற் புன்னகை செய்யாதிரார்.

ஆயின் ஒரு குறையை மறைத்தலாகாது. கொலைஞனின் பெயரை ஹோம்ஸ் அறிந்தது தடயத்தாலன்று. அமெரிக்காவிலுள்ள கிளீவ்லாந்துப் பொலிசாருக்கு அனுப்பிய தந்திக்குக் கிடைத்த விடையால். அவ்விடை இறுதி அத்தியாயம்வரை நமக்குச் சொல்லப்படவில்லை. துப்பறிவாளன் கண்ட தடயத்தை வாசகரிடம் ஒளித்தலாகாதென ரொனால்ட் நொக்ஸ் 1929 இல் விதி வகுத்தார். அவ்விதிக்கு இந்நூல் தோற்கும்.

இனி, மாணவன் மயங்கிய இடம். முதற்பாக முடிவிற் குற்றவாளி பிடிபட, கதை திடீரென யூற்றாவுக்குப் பாய்கின்றது. ஐந்து அத்தியாயங்களில் ஹோம்ஸும் இல்லை, வொட்சனும் இல்லை. பழிவாங்கலின் வேரைக் காட்டவே இப்பகுதி வந்தது. மோர்மன் சமயத்தவரை அது தீட்டும் கோலம் மிகையும் அநீதியுமாகும். பிரெஞ்சு ஆசிரியர் கபோரியோவின் லெக்கொக் நாவல்களிலும் இவ்வாறே கதை பழங்காலத்துக்குத் திரும்பும். அந்த லெக்கொக்கையே இந்நூலில் ஹோம்ஸ் இகழ்வதுதான் வேடிக்கை! 1891 இல் 'ஸ்ரான்ட்' சஞ்சிகையிற் சிறுகதைகள் தொடங்கியபோது இத்தகைய நீண்ட பின்கதைக்கு இடமின்றிப் போயிற்று. ஹோம்ஸின் புகழ் பெருகியதும் அப்பொழுதே.

மாணவனிடம் நூலை மீண்டுங் கொடுத்து, முதற்பாகத்தையும் இறுதி இரு அத்தியாயங்களையும் தொடர்ந்து படித்துவிட்டு, யூற்றாவைத் தனிக்கதையாகப் படிக்குமாறு கூறினேன். நூல் இன்னும் திரும்பி வரவில்லை.