கெல்திய யாழும் குழுப்பயிற்சியும்

மேனாட்டு நரம்புக் கருவிகளுள் மிக்க தொன்மை வாய்ந்தவற்றுள் ஒன்று ஹார்ப் என்பது. தாவீதின் கையிலிருந்த கருவிக்கு ஆங்கில வேதாகமம் இப்பெயரையே இட்டது. தமிழ் வேதாகமம் அதனைச் சுரமண்டலம் என்றது. நம் பழந்தமிழ்ப் பாணர் கையில் விளங்கிய யாழும் ஹார்ப் இனத்ததே. ஆதலின் ஈண்டு இக்கருவியை யாழ் என்றே வழங்குவாம். அயர்லாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், பிரான்சின் வடமேற்கிலுள்ள பிரித்தானி ஆகிய கெல்திய நிலங்களிற் பயிலும் யாழைக் கெல்திய யாழ் என்பர். அதனை இக்காலத்தே பலர் ஓரிடத்திற் கூடி, ஓராசிரியரைச் சூழ்ந்தமர்ந்து, சில நாட் பயிற்சியாகக் கற்கின்றனர். தனிமையில் நெடுங்காலம் பயிலவேண்டிய ஒரு வித்தையைக் கூட்டமாகக் கற்பது எங்ஙனம் இயலும்? அங்ஙனங் கற்பதன் பயன் யாது? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் கருவியின் அமைப்பை அறிதல் வேண்டும். கெல்திய யாழ் முக்கோண வடிவினது. மார்பை அடுத்துச் சாய்ந்திருப்பது ஒலியைப் பெருக்கும் பத்தர்; மேலே வளைந்து செல்வது பிரடைகள் தைத்த கோடு; இவ்விரண்டையும் முன்புறத்தே தாங்கி நிற்பது ஒரு தூண். நம் யாழுக்கு இம்முன்தூண் இல்லை. நரம்புகளின் இழுவிசையைத் தாங்குவது இத்தூணேயாதலால், கெல்திய யாழில் நரம்புகளை மிகுதியாகவும் இறுக்கமாகவும் கட்டுதல் கூடும். இக்காலத்துக் கருவிகளுட் பல 34 நரம்புகள் உடையன. மாணாக்கர் மயங்காதபடி மேனாட்டு ‘ஸி’ சுர நரம்புகளுக்குச் சிவப்பும், ‘எஃப்’ சுர நரம்புகளுக்குக் கருமை அல்லது நீலமும் ஊட்டப்பெற்றிருக்கும். ஒவ்வொரு நரம்பின் தலைப்பிலும் சிறு விசை ஒன்றுண்டு. அதனை உயர்த்தினால் அந்நரம்பின் ஒலி அரைச்சுரம் உயரும்.

இனி, இவ்வித்தை அழிவின் எல்லைவரை சென்று மீண்ட வரலாற்றைக் கூறுவாம். பழைய கெல்திய யாழுக்குப் பித்தளை முதலிய உலோகக் கம்பிகளே நரம்பு. அதனை இடத்தோளிற் சாய்த்து, நீள வளர்த்த நகங்களால் மீட்டினர். பாணர் பலர் கண்ணிழந்தோர். 1670 முதல் 1738 வரை வாழ்ந்த புகழ்பெற்ற பாணராகிய ஓ கரோலன் என்பாரும் இளமையில் அம்மை நோயாற் கண்ணிழந்தவரே. ஏட்டைப் பார்த்துக் கற்க இயலாத இவர்கட்கு ஆசிரியரின் கையும் தம் செவியுமே நூலாக இருந்தன. ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு வித்தை சென்றது. இடையில் ஒரு கை ஓய்ந்தால் அக்கிளை அற்றது.

18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆதரிப்பார் அருகிப் பாணர் தொகை சுருங்கிற்று. எஞ்சியோரை ஒருங்கு கூட்ட விரும்பி, 1792-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் பெல்பாஸ்ட் நகரத்தார் ஒரு விழா எடுத்தனர். அயர்லாந்தின் பாணர் பதின்மரும் வேல்ஸ் நாட்டார் ஒருவரும் வந்தனர். அப்பதின்மருள் அறுவர் கண்ணற்றவர்; ஒருவர் பெண்பாலார். அவர்கள் மீட்டிய பண்களைக் குறித்துக்கொள்ளும் பணி, தேவாலயத்தில் ஆர்கன் வாசித்துவந்த எட்வர்ட் பண்டிங் என்னும் இளைஞருக்கு அளிக்கப்பெற்றது. அப்போது அவருக்கு அகவை 19. இக்கட்டுரையாளனுக்கும் அகவை அதுவேயாதலால், இச்செய்தியைப் படித்த அன்று சிறிது நேரம் நூலை மூடிவைத்து எண்ணமிட நேர்ந்தது. ஓரினத்தாரின் இசைச் செல்வம் தன்முன் இறுதியாக ஒலிக்கையில், எழுதுகோலோடு அமர்ந்திருந்த அவ்விளைஞர் எத்துணைப் பெரும்பொறுப்பைத் தாங்கினார்!

வந்தோருள் முதியவர் டெனிஸ் ஹெம்ப்சன். மூன்று வயதிற் கண்ணிழந்த இவர், பன்னிரண்டாம் வயதில் பிரிஜட் ஓ காஹன் என்னும் பெண்மணியிடம் யாழ் பயிலத் தொடங்கியவர். விழாவிற்கு வந்த காலத்து இவர்க்கு வயது தொண்ணூற்றைக் கடந்திருந்தது என்பர். பழைய முறைப்படி நீண்ட நகங்களால் கம்பிகளை மீட்டியவர் அக்கூட்டத்தில் இவர் ஒருவரே. விழாவின் பின்னும் பண்டிங் இவரை நாடிச் சென்று பல செய்திகளைக் கேட்டறிந்தார். 1807-இல் ஹெம்ப்சன் மறைந்தார்.

பண்டிங் 1840-ஆம் ஆண்டிற்குள் மூன்று தொகுதிகள் வெளியிட்டார். ஆயின் அவற்றிலுள்ள பண்கள் பியானோவிற்கேற்பத் திருத்தப்பெற்றவை. பாணர் தம் விரற்செயல்களுக்கு வழங்கிய பெயர்களையும் அவர் இறுதித் தொகுதியில் அச்சிட்டார். எனினும் பெயரை அறிந்தமட்டில் விரல் பழகிவிடுமோ? கம்பி யாழில் ஒரு நரம்பைத் தெறித்தால் அதன் ஓசை நெடுநேரம் நிற்கும். வேண்டாத ஓசையை மற்றொரு விரலால் உடனே அவித்தல் வேண்டும். அன்றேல் பண் குழம்பிப்போம். எந்த ஓசையை நிற்கவிடுவது, எதனை அவிப்பது என்பதே அவ்வித்தையின் உயிர். அதனை ஏட்டில் முற்றும் எழுதல் அரிது.

வித்தையைக் காக்க முயலாமலும் இல்லை. பெல்பாஸ்டில் 1808-இல் ஒரு சங்கம் தோன்றிற்று. கண்ணற்ற சிறார்க்கு யாழ் கற்பிக்க, விழாவிற்கு வந்திருந்த ஆர்தர் ஓநீல் என்னும் பாணரை அது அமர்த்தியது. அப்பள்ளி சில ஆண்டுகளிற் பொருளின்றி மூடப்பெற்றது. 1819-இல் மீண்டும் தொடங்கியதும் 1839-இல் முடிவுற்றது. பின்னர் 1928-இல் அயர்லாந்து தனக்கென வெளியிட்ட காசுகளில் யாழின் உருவைப் பொறித்தது. காசில் யாழ் இருந்தது. ஆனால் பழைய முறையறிந்து மீட்டும் கை அந்நாட்டில் இல்லை. இதனினும் இரங்கத்தக்கது யாதுளது?

இன்று பெரும்பாலோர் பயிலும் கெல்திய யாழ் கம்பி யாழன்று. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டப்ளின் நகரில் ஜான் ஈகன் என்னும் கருவி வினைஞர் செய்த சிறிய நரம்பு யாழின் வழிவந்தது அது. நகத்தால் அன்றி விரல்நுனியால் மீட்டப்பெறும், வலத்தோளிற் சாயும். அயர்லாந்தில் இதனைப் பேணியவற்றுள் கன்னியர் மடத்துப் பள்ளிகள் குறிப்பிடத்தக்கன. ஸ்காட்லாந்தில் 1931-இல் யாழ்ச் சங்கம் தோன்றிற்று. அயர்லாந்தில் 1960-இல் ‘யாழின் நண்பர்’ எனப் பொருள்படும் பெயருடைய சங்கம் நிறுவப்பெற்றது. பிரித்தானியரான கோஷ்வெலூ என்பார் 1953-இல் தம் கையால் ஒரு யாழ் செய்து முடித்தார்; அதனை மீட்டிய அவர் மைந்தர் ஆலன் ஸ்டிவெல், 1970-க்குப் பின்னர் இவ்விசையை ஐரோப்பா முழுவதும் கேட்கச் செய்தார்.

கருவி உயிர்பெற்றது, கற்க விரும்புவோரும் பல்கினர், ஆனால் கற்பிப்போர் சிலரே. ஓர் ஊரில் ஒரு மாணாக்கர், நூறு மைலுக்கப்பால் மற்றொருவர் என்னும் நிலையில், ஒவ்வொருவரும் வாரந்தோறும் ஆசிரியரை நாடுதல் ஒல்லுமோ? கருவியின் விலையோ மிகுதி. குழுப்பயிற்சி என்னும் முறை வேரூன்றியதற்கு இவையே காரணம். ஆண்டில் ஒருமுறை யாவரும் ஓரிடத்தே கூடுவர். கருவியில்லாதார்க்கு வாடகைக்குக் கருவி கிடைக்கும். எடின்பரோ நகரில் 1982-இல் தொடங்கிய யாழ் விழாவும், அயர்லாந்தின் சங்கம் 1986-இல் தொடங்கிய கோடைப் பயிற்சியும் இத்தகையன. 2003-இல் கில்கெனி நகரில் தொடங்கிய கோடைப் பள்ளியோ, பழைய கம்பி யாழையே கற்பிக்க எழுந்தது.

இனிப் பயிற்சியின் முறையைக் காண்போம். இருபதின்மர் வட்டமாக அமர்ந்துள்ளனர் எனக் கொள்வோம். ஆளுக்கு 34 நரம்பாயின் மொத்தம் 680 நரம்புகள்! இவையனைத்தும் ஒரே சுருதியில் நிற்றல் வேண்டும். ஆதலின் ஒவ்வொரு நாளும் சாவியாற் பிரடைகளைத் திருகிச் சுருதி கூட்டுவதே முதற்பாடம். தன் கருவியைத் தானே சுருதி கூட்ட அறியாதவன் யாழ் கற்றவனாகான்.

அடுத்தது கைநிலை. பெருவிரல் மேல்நோக்கி நிற்க, சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றும் கீழ்நோக்கியிருக்கும், சிறுவிரலுக்கு வேலையில்லை. தெறிக்க வேண்டிய நரம்புகளில் விரல்களை முன்கூட்டியே வைத்து, ஒவ்வொன்றாகத் தெறித்து, விரலை உள்ளங்கைக்குள் மடக்குதல் வேண்டும். அதிர்ந்துகொண்டிருக்கும் நரம்பில் விரல் மெல்லப் பட்டால் வண்டு இரைவது போன்ற ஓசை எழும். தொடக்கநாளில் வட்டம் முழுவதும் இவ்விரைச்சலே மிகும். ஆயினும் எல்லார்க்கும் அது நேர்தலால் எவரும் நாணுவதில்லை. தனியே கற்பவன் தன் பிழையைத் தன் மடமை என்று எண்ணிச் சோர்வான். குழுவிற் கற்பவன் அது வித்தையின் இயல்பென்று தெளிவான்.

பின்னர்ப் பண் தொடங்கும். பல பயிற்சிகளில் ஏடு கொடுப்பதில்லை. ஆசிரியர் ஒரு சிறு துண்டை மீட்டுவார், முதலிற் கேட்பர், பிறகு வாயாற் பாடுவர், அதன்பின்னரே நரம்பைத் தொடுவர். ஒரு துண்டு அமைந்தபின் அடுத்தது; பின் இரண்டையும் இணைப்பர். பழம்பாணர் கற்ற வழியும் இதுவேயன்றோ? விரல் விரைந்தோடுபவர் பண்ணை மீட்ட, தொடக்கத்தார் மந்தர நரம்புகளில் இரண்டு மூன்றை மட்டும் தாளத்தோடு மாறிமாறித் தெறிப்பர். நம் ஆலயப் பாடகர் குழுவிலே நான்கு குரல்களும் தத்தம் பகுதியைப் பாடி ஒன்றாதல் போல, வல்லாரும் மெல்லாரும் சேர்ந்து ஒரே இசையை எழுப்புவர். முதல் நாளில் இரண்டு நரம்பே தெரிந்தவனும் மாலையில் ஒரு முழுப்பண்ணிற் பங்குகொண்டவனாக எழுந்து செல்வான்.

குறைகளும் உள. பலர் ஓசைக்குள் ஒருவன் பிழை மறைந்துவிடும். தவறான கைநிலை கவனிப்பாரின்றிப் பழகினால் பின்னர்த் திருத்துதல் கடினம். ஆதலின் நல்லாசிரியர் வட்டத்தைச் சுற்றிவந்து ஒவ்வொருவர் கையையும் நோக்குவர். ஒரு வாரத்தில் ஒருவரும் பாணராகிவிடுவதும் இல்லை. எஞ்சிய நாட்களில் தனியே செய்யும் அப்பியாசமே வித்தையை நிலைநிறுத்தும். குழு அதற்கு வழியும் ஊக்கமும் தருவது.

ஆயினும் குழுவின் பெரும்பயன் பிறிதொன்று. ஓராசிரியர், ஒரு மாணாக்கர் என்று வந்த பழைய மரபு ஒற்றைச் சங்கிலி. ஒரு கணு அற்றால் முழுதும் அறும். இருபதின்மர் கூடிக் கற்ற பண்ணோ, ஒருவர் மறந்தால் மற்றொருவர் நினைவிலிருந்து மீளும். அது வலை போல்வது. ஒரு கண்ணி அறுந்தாலும் வலை நிற்கும். அயர்லாந்தின் யாழ்க்கலை 2019-இல் ஐக்கிய நாடுகளின் கல்வி, பண்பாட்டு அமைப்பினரால் மனித குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பதியப்பெற்றது. 1839-இல் கதவடைத்த பள்ளியை நினைப்பார்க்கு இதன் அருமை விளங்கும்.

இவற்றைப் படிக்குந்தோறும் தமிழ் மாணாக்கன் உள்ளம் நம் யாழை நாடாதிருத்தல் அரிது. பொருநராற்றுப்படை யாழின் உறுப்புக்களை விரித்துரைக்கின்றது. சிலப்பதிகாரம் யாழாசிரியன் இலக்கணத்தைக் கூறுகின்றது. 1947-இல் வெளிவந்த விபுலாநந்த அடிகளாரின் யாழ்நூல் பண்டை யாழின் சுரநிலைகளைக் கணித்துக் காட்டுகின்றது. நூல் நம்பால் உண்டு, கை இல்லை. நம் கடைசிப் பாணன் மீட்டிய அன்று, எழுதுகோலோடு அவன் அருகே அமர்ந்திருந்த இளைஞன் ஒருவனும் இல்லை. அண்மைக் காலத்தில் யாழைப் புதிதாகச் செய்து மீட்டுவார் சிலர் தோன்றியிருத்தல் மகிழ்ச்சிக்குரியது. அவர்தம் கையறிவு ஒருவரோடு நின்றுவிடாமல், மாணவர் பலர் வட்டமாக அமர்ந்து கற்கும் நாள் வருதல் வேண்டும். இழந்த பழைய ஒலி அவ்வாறே மீளும் என்று கூறத் துணியோம். எனினும் மீண்டும் ஒருமுறை அறுந்துபோகாதபடி காத்தல் நம்மால் இயலும்.